பிள்ளைக்கு ஞானஸ்நானமா? முதலில் பதிவேட்டைக் கவனியுங்கள்

என் மகளுக்கு நாற்பது நாளைக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். கொடுத்தபோது அவளுக்கு ஒன்பது மாதம். ஃபாதர் தலையில் தண்ணீர் ஊற்ற வரும்போது அந்தச் செம்பைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்தாள். கோயிலே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை; அந்த ஒன்பது மாத அலைச்சல் அப்படி.

நான் கத்தோலிக்கன், சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம். மனைவி லுத்தரன் சபை, மயிலாடுதுறைப் பக்கம். குடியிருப்பது கும்பகோணத்தில். ஒரு கடிதம், ஒரு கையெழுத்து, ஒரு நகல் என்று இந்த மூன்று ஊருக்கும் பஸ் ஏறி இறங்கியதுதான் மிச்சம். யார் மேலும் பெரிய குற்றம் சொல்ல முடியாது. எதை முதலில் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அலைந்து முடித்த பிறகு புரிந்தது ஒன்றுதான். சடங்குக்கு ஆவது இருபது நிமிஷம். அன்றைக்குப் பதிவேட்டில் ஏறும் ஒற்றை வரி, பிள்ளையின் புதுநன்மை (முதல்முறை நற்கருணை வாங்குவது), உறுதிப்பூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு), கல்யாணம் என்று கடைசிவரை கூடவே வரும். அந்த வரி சரியாக விழுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கத்தோலிக்க முறைதான் எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற சபைகளில் மாறுபடும் இடங்களையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. எந்தக் கோயில்? இதை வீட்டுக்குள்ளேயே பேசி முடியுங்கள்

கத்தோலிக்கர், லுத்தரன் (டி.இ.எல்.சி.), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மூவரும் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பெரும்பாலும் தலையில் தண்ணீர் ஊற்றித்தான். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், அட்வென்டிஸ்ட் சபைகளில் விவரம் தெரிந்து, தானே விசுவாசத்தை அறிக்கையிடுபவருக்கு மட்டும்தான், அதுவும் முழுக்கு, அதாவது ஆளையே தண்ணீரில் முழுக்கி எடுப்பது. அங்கே குழந்தைக்குச் செய்வது பிரதிஷ்டை, அதாவது ஜெபித்துக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பது. அதற்கும் சில இடங்களில் அழகாக ஒரு சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதை ஞானஸ்நானச் சான்றிதழ் என்று நினைத்து இருபது வருஷம் பீரோவில் வைத்திருந்து, கல்யாண நேரத்தில் விழித்த குடும்பம் எனக்குத் தெரியும். இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமே கிடையாது.

அடுத்தது, இது ஆயுளுக்கு ஒருமுறைதான். தண்ணீரால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் லுத்தரன் கோயிலிலோ சி.எஸ்.ஐ. கோயிலிலோ கொடுத்ததைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கும், அவர்களும் அப்படியே. மறுபடி ஊற்றமாட்டார்கள். 'இயேசுவின் நாமத்தில்' மட்டும் கொடுக்கும் சபைகளின் முழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளோ குழந்தை ஞானஸ்நானத்தையே கணக்கில் எடுப்பதில்லை.

கலப்புத் திருமணக் குடும்பங்கள் கவனிக்க: கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் நடந்திருந்தால், 'பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன்' என்று கத்தோலிக்கத் தரப்பு கையெழுத்துப் போட்டிருக்கும். நானும் போட்டிருக்கிறேன். கல்யாண அவசரத்தில் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று யாருக்கு ஞாபகம்? என் மாமியார் தன் கோயிலில்தான் பேத்திக்கு ஞானஸ்நானம் என்று ஐயரிடம் (லுத்தரன், சி.எஸ்.ஐ. போதகரை அப்படித்தான் சொல்வார்கள்) தேதியே கேட்டுவிட்டார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், "ஏன் மாப்பிள்ளை, அதே தண்ணி, அதே பிதா சுதன் பரிசுத்த ஆவி. எங்க ஐயர் ஊத்துனா ஏறாதா?" என்றார். ஏறும். அதுதான் சிக்கலே! எங்கே ஊற்றினாலும் செல்லும் என்பதால்தான் எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சிலேயே எங்களுக்கு ஒரு மாதம் போனது. குழந்தை பிறப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

2. உங்கள் பெயர் எந்தப் பங்கில் இருக்கிறது?

பங்கு என்றால் ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயிலும் அதன் எல்லையும். குழந்தைக்கு ஞானஸ்நானம் பெற்றோரின் பங்குக் கோயிலில்தான் நடக்க வேண்டும் என்பது பொது விதி. எங்கள் குடும்ப அட்டை கிராமத்துப் பங்கில் கிடந்தது, குடியிருப்பது கும்பகோணத்தில். இங்கே கேட்டால் 'உங்கள் பங்கில் கடிதம் வாங்கி வாருங்கள்' என்றார்கள். அங்கே போனால் 'நான்கு வருஷமாக ஊரிலேயே இல்லையே' என்றார்கள்.

அப்போது தெரியாதது இது: ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் குடியிருந்தாலே, திருச்சபைச் சட்டப்படி அந்தப் பங்குக்குருதான் உங்கள் குரு. வீடு மாறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் தெருவின் அன்பியத்தில் (பங்குக்குள் பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பெயர் கொடுப்பது. அன்பியத் தலைவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லி வைத்தால் போதும். பிறகு எல்லாக் கடிதத்திலும் முதல் கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்கும். லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளிலும் இதே கதைதான். மாறிப் போகும்போது பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கோயில் வரி (குடும்பம் பங்குக்கு மாதாமாதம் கட்டும் சந்தா) பாக்கி இருந்தால் இந்த நேரத்தில்தான் கேட்பார்கள். எங்களுக்கு மாதம் ஐம்பது ரூபாய் வீதம் நான்கு வருஷம், ₹2,400. கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டேன். கட்ட முடியாத நிலைமை என்றால் கூச்சப்படாமல் பங்குத்தந்தையிடம் நேராகச் சொல்லுங்கள். ஏழை என்பதற்காக அருட்சாதனம் (ஞானஸ்நானம் போன்ற திருச்சடங்கு) மறுக்கப்படக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் அலுவலக மேசையில் கறாராகப் பேசுவது ஒருவர், முடிவு சொல்வது இன்னொருவர்.

டெல்டாவுக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. மறைமாவட்டமும் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பங்குகள்) அரசு மாவட்டமும் ஒன்றல்ல. பூண்டி மாதா கோயில் இருப்பது தஞ்சாவூர் மாவட்டம், ஆனால் கும்பகோணம் மறைமாவட்டம். வேளாங்கண்ணி நாகப்பட்டினம் மாவட்டம், ஆனால் தஞ்சாவூர் மறைமாவட்டம். 'தஞ்சாவூர்க்காரன்தானே' என்று ஆயர் இல்லம் தேடித் தஞ்சாவூருக்குப் போய் விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் பங்கு எந்த மறைமாவட்டம் என்று முதலில் கேளுங்கள்.

3. காகிதங்கள்

நான் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்த கட்டு இது. எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

- குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெயர் ஏறியது
- பெற்றோரின் கோயில் திருமணச் சான்றிதழ்
- பங்குக் குடும்ப அட்டை, கடைசி வரி ரசீது
- அன்பியத் தலைவரின் கையெழுத்து உள்ள விண்ணப்பம்
- ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பாக நிற்பவர்கள்) வேறு பங்கு என்றால், அவர்களுடைய பங்குத்தந்தையின் கடிதம்
- எல்லாருடைய ஆதார் நகல் (சட்டம் கேட்கவில்லை, அலுவலகம் கேட்கும்)

இதில் பிறப்புச் சான்றிதழைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்துவிட வேண்டும்; ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஆனால் பெயர் இல்லாமல்தான் பெரும்பாலும் பதிவாகும். ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். நிறையப் பேர் 'ஞானஸ்நானத்தில் பெயர் வைத்துவிட்டு அப்புறம் சேர்ப்போம்' என்று விட்டுவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பிறப்புச் சான்றிதழில் பெயர், பிறகு அதைப் பார்த்துப் பதிவேட்டில். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். கோயில் சான்றிதழ் கோயிலுக்குத்தான்.

கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை, ரிஜிஸ்டர் ஆபீஸில் மட்டும்தான் என்பவர்களும் பயப்பட வேண்டாம். குழந்தைக்கு மறுக்க அது காரணம் ஆகாது. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை குருவுக்கு வேண்டும். அவ்வளவுதான். கல்யாணமாகாமல் தனியாக வளர்க்கும் தாய் தன் பெயரை மட்டும் பதியச் சொல்லலாம். தகப்பன் பெயர் ஏற அரசு ஆவணமோ, பங்குத்தந்தை முன்னால் இரண்டு சாட்சிகளோடு அவரே சொல்லும் வாக்குமூலமோ வேண்டும்.

4. பெயரும் எழுத்தும்: நான் மாட்டியது இங்கேதான்

கல்யாணச் சான்றிதழில் என் பெயர் ஒரு விதம், மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இன்னொரு விதம். ஆதிமூலம் தேடி என் சொந்த ஊர்ப் பங்குக்குப் போனேன். உபதேசியார் (ஃபாதருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்ப்பவர்) இரும்பு அலமாரியைத் திறந்தார், அந்துருண்டை வாசனை. துணி ஒட்டிய அட்டை போட்ட நீளமான பதிவேடு. ஊதா மையில் வரிவரியாகப் பெயர்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "தம்பி, இது நீங்கதானா?" ஞானப்பிரகாசம் என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பிரகாஷ் என்று சுருக்கிவிட்டார். முப்பத்து நான்கு வருஷமாக எனக்கு ஒரு பெயர், பதிவேட்டில் இருப்பவனுக்கு ஒரு பெயர்.

பதிவேட்டில் அடித்துத் திருத்த முடியாது. திருத்தமானாலும் சேர்க்கையானாலும், உரிய அனுமதியோடு ஓரக்குறிப்பாகத்தான் ஏறும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரி கையெழுத்து வாங்கிய உறுதிமொழி எல்லாம் கொடுத்தேன். விண்ணப்பம் ஆயர் இல்லம் போய்த் திரும்ப ஆறு வாரம் ஆனது.

ஆகவே பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது இதைச் செய்யுங்கள். புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. யாழினி, கதிரவன் எல்லாம் தாராளமாக வைக்கலாம். பாட்டிக்காக ஒரு மரியாவோ அந்தோணியோ வேண்டுமென்றால் 'யாழினி என்கிற ஆரோக்கிய மேரி' என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் ஒன்று, கோயிலில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று விட்டுவிடாதீர்கள். இனிஷியலையும் பிறப்புச் சான்றிதழில் இருப்பது போலவே.

5. ஞானப்பெற்றோர்

கத்தோலிக்க முறையில் ஒருவர் போதும். அதிகபட்சம் இருவர், ஓர் ஆண் ஒரு பெண். பதினாறு வயது முடிந்திருக்க வேண்டும், புதுநன்மையும் உறுதிப்பூசுதலும் பெற்றிருக்க வேண்டும், சொந்தத் தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. எங்களுக்கு ஞானத்தகப்பனாக இருக்க ஒத்துக்கொண்ட சித்தப்பா மகன் உறுதிப்பூசுதலே வாங்கவில்லை என்பது தேதி குறித்த பிறகுதான் தெரிந்தது. அவனுக்கே தெரியாது! பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

சபை வேறான சொந்தக்காரரை ஞானப்பெற்றோராக எழுத முடியாது. ஆனால் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோர் கூட இருந்தால், ஞானஸ்நானம் பெற்ற லுத்தரனோ சி.எஸ்.ஐ.யோ சாட்சியாக நிற்கலாம், பதிவேட்டிலும் சாட்சி என்று பெயர் ஏறும். என் மச்சான் அப்படித்தான் நின்றார். மாமியாரின் கோபம் பாதி இறங்கியது இந்த வழி தெரிந்த பிறகுதான். இந்து நண்பரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கலாம், படம் எடுக்கலாம். பதிவேட்டில் அந்த இடம் கிடையாது.

லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் திடப்படுத்தல் (அவர்களுடைய உறுதிப்பூசுதல்) முடிந்து திருவிருந்தில் சேருபவர்களாகப் பார்ப்பார்கள். எத்தனை பேர் என்பதை ஐயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது செயின் போடுவாரா என்று பார்க்காதீர்கள். பல வீடுகளில் அப்படித்தான் பார்க்கிறார்கள், தெரியும். பக்கத்தில் இருப்பவர், கூப்பிட்டால் வருபவர் என்று பாருங்கள். ஆயத்த வகுப்புக்கும் அவர்கள் வர வேண்டும். துபாயில் இருக்கும் மாமாவுக்காக வகுப்பு மூன்று முறை தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

6. வேளாங்கண்ணியில் கொடுப்பதாக நேர்ச்சையா?

குழந்தை இல்லாமல் தவமிருந்து பெற்றவர்கள் வேளாங்கண்ணியிலோ பூண்டியிலோ ஞானஸ்நானம் கொடுப்பதாக நேர்ந்துகொள்வது நம் பக்கத்தில் சகஜம். மொட்டை போடுவதற்குப் போவது மாதிரி நேரே போய் நின்றுவிடக் கூடாது. உங்கள் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் கையில் வேண்டும். கடிதம் வாங்கியதும் திருத்தல அலுவலகத்தில் நாளைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அந்தப் பக்கம் இதற்காகப் போகாதீர்கள். கூட்டத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் இடம் கிடைப்பதே பாடு.

பெரிய விஷயம் இது: எங்கே ஞானஸ்நானமோ அங்கேதான் பதிவு இருக்கும். இருபத்தைந்து வருஷம் கழித்துக் கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) எழுத உங்கள் பிள்ளை சான்றிதழுக்கு அங்கேதான் எழுதிப் போட வேண்டும். சொந்தப் பங்குக்கும் தகவல் போய்விட்டதா என்று கேட்டு, அன்றே ஒரு சான்றிதழ் வாங்கி வந்து குடும்ப அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். என் யோசனை கேட்டால், ஞானஸ்நானம் சொந்தப் பங்கில், நேர்ச்சை நன்றி வேளாங்கண்ணியில். மாதா கோபித்துக்கொள்ளமாட்டார்.

7. நாள் குறிப்பது

பிறந்த சில வாரங்களுக்குள் என்கிறது கத்தோலிக்கச் சட்டம். நடைமுறையில் நம் ஊரில் மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம். கேட்டதும் கிடைக்காது, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட ஞாயிறு, திருப்பலி முடிந்து என்று பல பங்குகளில் வைத்திருப்பார்கள். அதற்கு முன் பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் வகுப்பு. குறைந்தது ஆறு வாரம் முன்னால் விண்ணப்பம் கொடுங்கள். தவக்காலத்தில், அதாவது திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, பல பங்குகளில் தேதி தரமாட்டார்கள். எங்கள் பெயர்த் திருத்த விண்ணப்பம் திரும்பி வந்தது சரியாகத் திருநீற்றுப் புதன் அன்று. அதில் இன்னும் ஏழு வாரம்.

லுத்தரன், சி.எஸ்.ஐ. கோயில்களில் ஞாயிறு ஆராதனைக்கு உள்ளேயே நடக்கும். சபை முழுக்க இருக்கும். எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது. எங்கள் பங்கில் திருப்பலி முடிந்து பாதிக் கூட்டம் செருப்பு தேடும்போது நடந்தது.

முழுக்கு எடுக்கும் சபைகளுக்குத் தேதி குறிப்பது மேட்டூர் அணை. வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள், கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள். ஜனவரி 28இல் மூடுவார்கள். தண்ணீர் இருப்பைப் பொறுத்து இது மாறும்: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. திறந்த பிறகும் முறை வைத்து விடும் காலத்தில் உங்கள் ஆற்றில் அந்த வாரம் தண்ணீர் இருக்குமா என்று கரையோரம் விவசாயம் பார்ப்பவரிடம் கேளுங்கள். கோடையில் பம்புசெட் தொட்டிதான், அதுவும் செல்லும்.

ஆற்றில் என்றால்: கொள்ளிடம் வேண்டவே வேண்டாம். உபரித் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. அய்யம்பேட்டைப் பக்கத்து நண்பன் ஒருவனின் முழுக்குக்குப் போயிருந்தேன். போதகர் இடுப்பளவில் நிற்கிறார், இரண்டடி தள்ளிக் கழுத்தளவு. கரையிலிருந்து ஒரு பையன் மூங்கில் கழியை விட்டு ஆழம் பார்த்த பிறகுதான் இடத்தை மாற்றினார்கள். படித்துறை உள்ள இடம், முதல் நாளே ஆழம் பார்த்த இடம், நீச்சல் தெரிந்த இரண்டு பேர், ஒரு கயிறு. ஆடிப்பெருக்கு அன்றைக்குப் போகாதீர்கள்; படித்துறை முழுக்கத் தாலிக்கயிறு மாற்றும் பெண்களும் காப்பரிசியுமாக இருக்கும், அது அவர்களுடைய நாள். வெள்ளை உடை என்றால் கெட்டித் துணியில் தையுங்கள், நனைந்தால் சங்கடம். மாற்றுத்துணி மாற்ற ஒரு மறைப்பும் கொண்டுபோங்கள்.

8. செலவு

அருட்சாதனத்துக்கு விலை கிடையாது, காணிக்கை உண்டு. எங்களுக்குக் கோயில் பக்கம் ஆனது: காணிக்கை ₹1,000, சான்றிதழ் இரண்டு பிரதி ₹200, மெழுகுதிரி ₹60. பாக்கி வரியைச் சேர்த்தாலும் நாலாயிரத்தைத் தாண்டவில்லை. வீட்டுப் பக்கம் பந்தல், நூறு பேருக்கு மட்டன் பிரியாணி, ஃபோட்டோ, உடுப்பு எல்லாம் சேர்த்து ₹52,000. கடன் வாங்கியது எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. தேதி இரண்டு முறை தள்ளிப்போனதும் காகிதத்தால் மட்டுமல்ல, ஒருமுறை சமையல்காரர் கிடைக்காததால்! இருபது பேரோடு காபி பலகாரம் என்று முடித்திருந்தால் ஐந்தாம் மாதமே முடிந்திருக்கும்.

9. அன்றைக்குக் கோயிலில்

குழந்தையைப் பசியோடு கொண்டுபோகாதீர்கள், தூங்கவைத்தும் கொண்டுபோகாதீர்கள். கழுத்துப் பக்கம் தளர்வான உடுப்பு போடுங்கள். நெஞ்சில் ஓர் எண்ணெய், தலை உச்சியில் கிறிஸ்மா தைலம். வெண்ணிற ஆடை தனியாகக் கையில் இருக்கட்டும், அது தண்ணீர் ஊற்றிய பிறகு போர்த்துவது. மெழுகுதிரியைப் பாஸ்கா திரியிலிருந்து (கோயிலில் இருக்கும் பெரிய ஈஸ்டர் மெழுகுதிரி) பற்றவைப்பது ஞானத்தகப்பன். பட்டுத்துணி, சாமிப்பூ, குழந்தையின் கை எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் எல்லாரும் படம் எடுக்க ஓடுவார்கள். நீங்கள் சாக்ரீஸ்துக்குள் (பீடத்துக்குப் பக்கத்தில் குரு உடை மாற்றும் அறை) போங்கள். பதிவேட்டில் எழுதும்போது பக்கத்தில் நின்று, பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர், ஞானப்பெற்றோர், சாட்சி என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். என் மகளின் பிறந்த தேதியில் 8க்குப் பதில் 3 விழ இருந்தது. மை காய்வதற்குள் சொன்னதால் தப்பித்தேன்.

10. பெரியவர்கள் ஞானஸ்நானம் பெறுவதென்றால்

கத்தோலிக்கத்தில் ஏழு வயது தாண்டினாலே மறைக்கல்வி வேண்டும். பெரியவர்களுக்குச் சில மாதம் முதல் ஒரு வருஷம்வரை ஆயத்தம். ஈஸ்டர் முந்தைய இரவுப் பாஸ்கா வழிபாட்டில் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே இரவில். கல்யாணத்துக்காக மூன்று வாரத்தில் முடித்துத் தரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். விருப்பமில்லாமல் மாறவும் வேண்டாம். மாறாமலேயே ஆயரின் விதிவிலக்கோடு கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் நடத்த வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் மதம் மாற அரசு அனுமதி எதுவும் தேவையில்லை. 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் சாதிச் சான்றிதழ் விஷயத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அட்டவணைச் சாதி என்ற தகுதி 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கு மட்டும்தான். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவீர்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் எஸ்.சி. சான்றிதழ் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் அதில் பேசப்பட்டது. இந்தச் சட்டம் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். கோயில் மாறினால் தெரு மாறிவிடுவதில்லை என்பது டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் படிப்பு, வேலை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இதில் இருக்கிறது. பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கோயிலில் ஒன்று, தாலுகா ஆபீஸில் ஒன்று என்று எழுதி வைத்துவிட்டுப் பயந்து வாழ வேண்டாம்.

முழுக்கு எடுப்பவர்கள் சான்றிதழில் தேதி, இடம், போதகர் கையெழுத்தோடு, 'பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே' என்ற வாசகமும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் வேறு சபையில் கல்யாணம் என்றால் முதலில் கேட்பது அதைத்தான். சி.எஸ்.ஐ.யிலோ லுத்தரனிலோ குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றுவிட்டு இப்போது முழுக்கு எடுக்க நினைத்தால் உங்கள் ஐயரிடம் முதலில் பேசுங்கள். ஞானஸ்நானத்தை இரண்டாம் முறை கொடுப்பதை அந்தச் சபைகள் ஏற்பதில்லை.

11. அவசரம் என்றால்

குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது, டாக்டர் கையை விரிக்கிறார் என்றால் மேலே சொன்ன எந்தக் காகிதமும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், நர்ஸும் கொடுக்கலாம், இந்துவாக இருந்தாலும் சரி. திருச்சபை செய்வதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். சுத்தமான தண்ணீர் ஒரு ஸ்பூன். குழந்தையின் பெயரைச் சொல்லி, நெற்றியில் தண்ணீரை ஓடவிட்டபடியே: "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்." திருமுழுக்கு என்பது ஞானஸ்நானம்தான். 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், 'நாங்கள்' என்று சொன்னால் செல்லாது என்று 2020இல் ரோமே தெளிவுபடுத்தியிருக்கிறது. யார், எப்போது, எங்கே கொடுத்தது, யார் பக்கத்தில் இருந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். பிள்ளை பிழைத்து வந்தால் எண்ணெய், வெண்ணிற ஆடை, திரி எல்லாம் கோயிலில் செய்வார்கள். தண்ணீர் மறுபடி கிடையாது.

12. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு

லேமினேட் செய்யாதீர்கள், பின்புறம் குறிப்பு எழுத முடியாது. ஃபோனில் படம் எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். பதிவேட்டின் வருஷம், பக்கம், வரிசை எண் மூன்றையும் குடும்ப அட்டையின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதிதான் கேட்பார்கள். அப்போது அந்த எண் இருந்தால் உபதேசியார் விரலை வைத்து வரிவரியாக இறங்க வேண்டியிருக்காது, ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.